நாகஜோதி ஏன் நெளிந்தாள்

ஆடிட் ரிப்போர்ட் வந்த அன்று முதலிபாளையத்தில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் யாரும் பெரிதாகப் பதறவில்லை. தீயணைக்கும் சிலிண்டர் மேல் தூசி இருந்தது என்று ஒரு குறை. மருந்துப் பெட்டியில் பஞ்சு தீர்ந்துவிட்டது என்று இன்னொரு குறை. துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஆள் அனுப்பிச் சோதிக்கிறது என்றால் இதெல்லாம் எழுதத்தான் எழுதுவார்கள். வந்து போனதற்கு எதையாவது எழுத வேண்டாமா, பாவம். மூன்றாவது குறையில்தான் கவிப்பிரியாவின் கண் நின்றது.

பேட்டி கொடுத்தவர்களில் பிளாட்லாக் தையல் மெஷின் ஓட்டும் ஒரு பெண்மணி, கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார். ஆனால் சொன்ன நேரம் முழுக்க 'ஃபிட்ஜெட்' செய்துகொண்டிருந்தார். ஏன் என்று கண்டுபிடித்து, காரணத்தை எழுதி, முதலாளி கையெழுத்துடன் அனுப்பவும். ஆங்கிலத்தில் இவ்வளவுதான் போட்டிருந்தது.

பேர் போடவில்லை. போடக் கூடாது என்பது அவர்கள் முறை. ஆனால் ஆடிட் நாளில் பேட்டிக்குக் கூப்பிட்டவர்களில் பிளாட்லாக்காரி நாகஜோதி ஒருத்திதான். கம்பெனி நாய்க்குக்கூட அது தெரியும்.

கவிப்பிரியா அங்கே எச்.ஆர். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். குண்டடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவாள், வருகையைப் பார்ப்பாள், லீவுச் சீட்டு வாங்கி அடுக்குவாள், யாராவது அழுதால் தண்ணீர் கொடுப்பாள். ஆடிட் வருகிறது என்றால் அதற்கு முந்தின வாரம் தொழிலாளர்களை உட்கார வைத்துப் பதில் சொல்லிக் கொடுப்பாள். சம்பளம் ஒழுங்கா வருதா, வருதுங்க சார். யாராச்சும் திட்டறாங்களா, இல்லீங்க சார். பாத்ரூமுக்கு நெனச்ச நேரம் போலாமா, போலாங்க சார். வாய்ப்பாடு மாதிரி எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். பாதி உண்மைதான் என்பதால் அவளுக்கும் அதில் பெரிய உறுத்தல் இல்லை.

ஃபிட்ஜெட் என்ற வார்த்தை அவளுக்குத் தெரியாது. போனில் போட்டுப் பார்த்தாள். அமைதியின்றி அசைதல், நெளிதல் என்று வந்தது. கீழே உதாரணம் கொடுத்திருந்தார்கள். வகுப்பில் பிள்ளைகள் ஃபிட்ஜெட் செய்கிறார்கள். அவர் பேனாவை வைத்துக்கொண்டு ஃபிட்ஜெட் செய்தார். ஃபிட்ஜெட் செய்யாதே என்று அம்மா அதட்டினார். படித்துக்கொண்டே தன் கையைப் பார்த்தாள். மேசை மேல் கிடந்த ஸ்டேப்ளரைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து முதலாளி அறைக்குப் போனாள்.

முதலாளி மகுடேஸ்வரன் நல்ல மனிதர் என்றுதான் ஊரில் பேச்சு. கோபம் வந்தாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். அறையில் அவருடைய அப்பா ஆத்தப்பனும் இருந்தார். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்ட பிறகு, காலையில் மகனோடு காரில் வந்து, ஏசிக்குக் கீழே சோபாவில் உட்கார்ந்து, பேப்பரை விளம்பரம் உட்படப் படிப்பது அவர் வேலை. சர்க்கரை வியாதிக்காரர். தையல் லைன் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் ஜெயபாண்டி ஏதோ கையெழுத்துக்காக ஓரமாக நின்றுகொண்டிருந்தான்.

"அதென்னம்மா ஃபிட்ஜெட்டு?" என்றார் மகுடேஸ்வரன்.

"நிலையா இருக்காம அசைஞ்சுக்கிட்டே இருக்கறதுங்க."

"எதுக்கு அசைஞ்சா?"

"அது அந்த வார்த்தைல இல்லீங்க."

"வார்த்தைல இல்லைனா? பயந்து அசைஞ்சாளா, பொய் சொல்றமேன்னு அசைஞ்சாளா? ஏதோ ஒண்ணு இருக்கோணுமல்ல?"

"இங்கிலீஷ்ல அதையெல்லாம் சொல்லாமலே அசைஞ்சான்னு மட்டும் சொல்லிக்கலாம் போலங்க."

மகுடேஸ்வரனுக்கு இது பிடிக்கவில்லை. அவளுக்கும்தான். நீங்களே யோசித்துப் பாருங்கள். நம்மிடம் அப்படி ஒரு வார்த்தை இருக்கிறதா? துறுதுறுவென்று இருக்கிறான் என்றால் பிள்ளை ஆரோக்கியமாக இருக்கிறான் என்று அர்த்தம். நெளிகிறாள் என்றால் கூச்சம். குறுகுறுக்கிறது என்றால் செய்யக் கூடாத எதையோ செய்திருக்கிறார்கள். பள்ளி வேன் வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை என்றால் தாய்க்கு இருப்புக் கொள்ளாது. எந்த வார்த்தையை எடுத்தாலும் காரணத்தையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் வருகிறது. இந்த ஆங்கில வார்த்தை மட்டும் சைஸ் லேபிள் தைக்காத பனியன் மாதிரி, யார் உடம்புக்கு வேண்டுமானாலும் மாட்டிவிடலாம் போல இருந்தது.

மகுடேஸ்வரன் தனக்குப் பிடித்த சைஸை எடுத்து மாட்டினார்.

"எனக்குத் தெரியுங்க இது. வாய்ல எல்லாம் நல்லா இருக்குதுன்னு சொல்லிப்போட்டு, ஒடம்புல இல்லைன்னு காமிச்சிருக்கறா. ஜாடை. ஆருங்க சொல்லிக் குடுத்தது? பக்கத்துக் கம்பெனிக்காரனா?"

"இருக்கும்ங்கய்யா," என்றான் ஜெயபாண்டி, கேட்ட மாத்திரத்தில். "அந்தம்மா கொஞ்சம் அழுத்தமான ஆளுதான். சாத்தூர்ப் பக்கம்."

"நீ எந்தப் பக்கம் சாமி?" என்றார் ஆத்தப்பன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"உசிலம்பட்டிங்கய்யா."

"செரி, செரி."

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு மெல்ல எழுந்து வெளியே போனார். அவர் போவதும் வருவதும் யாருக்கும் புதிதில்லை.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள காரணத்தக் கண்டுபுடிச்சுக் குடும்மா," என்றார் மகுடேஸ்வரன். "இல்லீனா அந்தப் புள்ளையே வேண்டாம். கணக்க முடிச்சு அனுப்பிச்சரலாம். ஆளு இல்லைனா அசையறதுக்கும் ஆளில்லை, பாருங்க."

நாகஜோதியின் புருஷன் பைக்கில் விழுந்து கால் முறிந்து வாடகை வீட்டில் படுத்திருக்கிறான். அந்த வீட்டில் சம்பாதிக்கிறவள் இப்போது அவள் ஒருத்திதான். இது கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மகுடேஸ்வரனுக்கும் தெரியும். விழுந்த வாரம் ஆப்பிள் வாங்கிக் கொடுத்துவிட்டவரே அவர்தான்.

மறுநாள் காலை டீ நேரத்தில் நாகஜோதியைத் தனியே பிடித்தாள். டீ டிரம்முக்குப் பின்னால், வேஸ்ட் துணி மூட்டைகளுக்கு நடுவில்.

"அக்கா, ஆடிட்டர் கேள்வி கேட்டப்ப நீங்க ஒரு மாதிரி அசைஞ்சுக்கிட்டே இருந்தீங்களாமா?"

"நானா? நான் எங்கிட்டு அசைஞ்சேன்? சிலை கணக்கால்ல உக்காந்திருந்தேன்."

"அவர் எழுதியிருக்கறாருங்க."

"அந்த மனுசனுக்கு வேற சோலி இல்லையாக்கும். ஒரு பொம்பளப்பிள்ள காலு ஆடுறத எழுதத்தான் பெங்களூர்ல இருந்து வந்தானா?"

"அப்ப கால் ஆடுச்சா?"

நாகஜோதி டீயை ஊதினாள். ஊதுவதற்கு அதில் சூடே இல்லை.

"அக்கா, காரணம் சொல்லலைனா உங்களை அனுப்பிச்சிருவாங்க."

டீ தம்ளரைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. மூட்டைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு சொன்னாள்.

"ஒண்ணுக்கு மேடம்."

"என்னங்க்கா?"

"ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு இருந்துச்சு. காலையில வந்ததுல இருந்து போகல. அந்த ஆளு கேள்வி மேல கேள்வி கேக்காரு. காலு நிக்குமா? நீங்கன்னா நிப்பீகளா?"

"போயிட்டு வந்து உக்காந்திருக்கலாமல்லங்க்கா?"

"டோக்கன் இல்லையே."

இந்த இடத்தில் டோக்கனைச் சொல்லியாக வேண்டும். லைன் முடிகிற இடத்தில் தூணில் ஓர் ஆணி. ஆணியில் கயிறு கட்டிய ஒரு பிளாஸ்டிக் வில்லை. பாத்ரூமுக்குப் போகிறவள் அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். லைன் நிற்காமல் ஓடுவதற்காக மகுடேஸ்வரனே யோசித்துச் செய்த ஏற்பாடு. ஆடிட்காரர்கள் கண்ணில் பட்டால் கதை முடிந்தது என்பதால், அவர்கள் வருகிற நாளில் மட்டும் ஜெயபாண்டி எல்லா லைன் டோக்கனையும் கழற்றித் தன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவான்.

"டோக்கன் இல்லைனா சும்மாவே போலாமேங்க்கா," என்றாள் கவிப்பிரியா.

"யாரு சொன்னா? டோக்கன் இல்லாம எந்திரிச்சா மெமோன்னு நீங்கதான வேலைக்குச் சேந்த முதல் நாளே சொன்னீக? நான் போய் ஜெயபாண்டிகிட்ட கேட்டேன். 'ஆடிட்டர் போகட்டும்க்கா, அப்புறமா எல்லாரும் போய்க்கிருங்க'ன்னுட்டான். அன்னைக்கு லைன்ல ஒருத்தரும் போகல. மத்தவளுகளாச்சும் மெசினுக்கு அடியில காலை ஆட்டிக்கிட்டு இருந்துட்டாளுக. என்னைத்தான் நாற்காலியில தூக்கி வச்சுட்டீக."

கவிப்பிரியா மூட்டையிலிருந்து தொங்கிய ஒரு நூலைப் பிடுங்கினாள்.

"அதுலயும் அந்த ஆளு கேக்காரு பாருங்க, 'பாத்ரூமுக்கு நினைச்ச நேரம் போக முடியுதாம்மா'ன்னு. நானும் நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே, 'போலாங்க சார், தாராளமா போலாங்க'ன்னு காலை இறுக்கிக்கிட்டுச் சொல்லுதேன்."

சொல்லி முடித்ததும் நாகஜோதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு மூட்டையில் சாய்ந்து சிரித்தாள். கவிப்பிரியாவுக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. மணி அடித்தது. நாகஜோதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெரசா ஏதாச்சும் செய்ங்க தாயி," என்று சொல்லிவிட்டு மெஷினுக்கு ஓடினாள்.

காரணம் கிடைத்துவிட்டது. இனி அதை முதலாளியிடம் சொல்ல வேண்டும். சொல்வதென்றால் எப்படிச் சொல்வது? அப்பா வயதில் ஒருவர், அப்புச்சி வயதில் ஒருவர், ஓரத்தில் ஓர் ஆம்பிளை சூப்பர்வைசர். இவர்கள் நடுவில் ஒரு வயசுப் பெண் அந்தச் சொல்லை எப்படி வாயில் எடுப்பாள்? ஆடிட்காரன் ஆங்கிலத்தில் அசைந்தாள் என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் போய்விட்டான். காரணத்தைச் சுமக்கிற வேலை இவள் தலையில் விழுந்தது.

சாயங்காலம் உள்ளே போனாள். முந்தின நாள் போலவே மூன்று பேரும் இருந்தார்கள்.

"தெரிஞ்சிருச்சுங்க," என்றாள்.

"சொல்லும்மா."

"அவங்களுக்குப் போகோணும்னு இருந்துச்சுங்க."

மகுடேஸ்வரன் நாற்காலியில் நிமிர்ந்தார். "பாத்தியா ஜெயபாண்டி? நான் சொன்னனா இல்லையா? எந்தக் கம்பெனிக்குப் போறாளாமா?"

"கம்பெனிக்கு இல்லீங்க."

"ஊருக்கா?"

"இல்லீங்க. இங்கயேதாங்க. பக்கத்துல."

"பக்கத்துக் கம்பெனிக்கா!"

கவிப்பிரியா தரையைப் பார்த்தாள். டைல்ஸில் ஒரு கீறல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்கண்ணு," என்றார் ஆத்தப்பன் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "ஒண்ணுக்கா?"

"ஆமாங்கய்யா."



"அட, அதுக்குப் போக வேண்டீதுதானேங்க," என்றார் மகுடேஸ்வரன். காது மட்டும் சிவந்திருந்தது. "நான் என்ன கட்டியா போட்டு வெச்சிருக்கறேன்?"

"டோக்கன் இல்லீங்க. ஆடிட்னு கழட்டி வெச்சுட்டாங்க."

"கழட்டிட்டா சும்மா போலாம்னுதான அர்த்தம்?"

"அப்படின்னு யாரும் அவங்களுக்குச் சொல்லலீங்க. ஜெயபாண்டி அண்ணன் அப்புறமாப் போய்க்கச் சொன்னாருங்களாமா."

"நான் லைன் நிக்கக் கூடாதேன்னு சொன்னேங்கய்யா," என்றான் ஜெயபாண்டி. அவனும் அந்தக் கீறலைப் பார்க்க ஆரம்பித்தான்.

மகுடேஸ்வரன் கொஞ்சம் யோசித்தார். "செரி. ஒடம்புக்கு முடியலைன்னு எழுதிரு."

"டாக்டர் சீட்டுக் கேப்பாங்க."

"யோகா கிளாஸ் வெக்கறோம்னு எழுதேன். வெளிநாட்டுக்காரங்களுக்கு அது புடிக்கும்."

"பேசாம அந்தம்மாவை அனுப்பிட்டாப் போதும்ங்கய்யா," என்றான் ஜெயபாண்டி. "தானா வேலையை விட்டு நின்னுட்டாங்கன்னு எழுதிக்கிருவோம். எல்லாம் அதோட முடிஞ்சிரும்."

கவிப்பிரியா தரையிலிருந்து நிமிர்ந்தாள். "அந்தப் பதில நாந்தாங்க அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன். அனுப்பறதுன்னா என்னையும் சேத்து அனுப்பிருங்க."

இதைத் துணிச்சல் என்று சொல்ல முடியாது. குண்டடம் பஸ் கிளம்புகிற நேரமாகிவிட்டது, பேச்சை எப்படியாவது முடிக்க வேண்டியிருந்தது, வாயில் வந்தது அதுதான். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

ஆத்தப்பன் பேப்பரை மடித்தார். எழுந்தார். எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். கதவைத் திறந்துகொண்டு போனார். அவர் திரும்பி வரும் வரை ஒருவரும் பேசவில்லை. பேசினால் பெரியவர் இல்லாமல் முடிவெடுத்த மாதிரி ஆகிவிடும். அவர் ஆறஅமர வந்து, வேட்டியைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தார்.

"மகுடு, இப்ப நான் போனனே, ஆரக் கேட்டுட்டுப் போனேன்?"

"உங்களுக்கென்னங்கப்பா."

"எனக்கும் ஒரு டோக்கன் போட்டு ஆணியடிச்சு மாட்டு. ஒரு நாளு. அப்புறம் பாரு, இந்தச் சோபாவக் கழுவறதுக்குனு தனியா ஒரு ஆளு வெக்கோணும்."

ஜெயபாண்டி சிரிக்கப் போய், முதலாளி முகத்தைப் பார்த்து அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

மகுடேஸ்வரன் நெற்றியைத் தேய்த்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார். கவிப்பிரியா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

"செரி, நீ எழுதி எடுத்தாம்மா," என்றார் கடைசியில். "உள்ளதே எழுது. ரொம்ப நீட்டாத."

அவள் நின்றபடியே ஆங்கிலத்தில் எழுதினாள். எங்களிடம் டோக்கன் முறை இருந்தது. நீங்கள் வருவதால் அதை மறைத்தோம். டோக்கன் இல்லாததால் அன்று யாரும் போகவில்லை. அவருக்குப் போக வேண்டியிருந்தது. இனி டோக்கன் கிடையாது.

மகுடேஸ்வரன் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். "இதப் பாத்துப்போட்டு ஆர்டர நிறுத்திட்டா?"

"தெரியலீங்க."

"தெரியலையாமா," என்று அப்பாவிடம் முறையிட்டார். ஆத்தப்பன் ஜவுளிக்கடை விளம்பரத்தில் மூழ்கியிருந்தார். மகன் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, டோக்கனையெல்லாம் கழற்றி டிராயரில் பூட்டச் சொல்லி, ஜெயபாண்டியிடம் சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்குக் கவிப்பிரியா பஸ்ஸை விட்டுவிட்டாள். பல்லடம் போய் மாறித்தான் வீடு போய்ச் சேர்ந்தாள்.

அடுத்த நாள் ஆணி மட்டும் இருந்தது. இனி யாரும் எதையும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம், போக வேண்டியவர்கள் போகலாம் என்று கவிப்பிரியா லைன் லைனாகப் போய்ச் சொன்னாள். தலையாட்டினார்கள். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. இதுவும் ஏதாவது ஆடிட்டோ என்று சந்தேகம். பத்தரை மணி வாக்கில் நாகஜோதி மெஷினை நிறுத்தினாள். எழுந்தாள். லைன் முழுக்கத் திரும்பிப் பார்க்க, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி நிமிர்ந்து நடந்து போனாள். வந்தாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒவ்வொருத்தியாகப் போனார்கள். தைத்த பீஸ் குறைகிறதா என்று ஜெயபாண்டி மணிக்கொரு தரம் எண்ணிப் பார்த்தான். குறையவில்லை. அதில் அவனுக்கு லேசாக வருத்தம்கூட இருந்தது.

ஃபிட்ஜெட் என்ற வார்த்தை எப்படியோ கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. ஆபீஸ் அறைக்கும் லைனுக்கும் நடுவில் ஒரே ஒரு கண்ணாடிதான். "அக்கா, ஃபிட்ஜெட் போயிட்டு வந்துர்றேன், துணிப் பண்டிலப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போகப் பெண்களுக்குச் சௌகரியமாக இருந்தது. அயர்ன் போடுகிற பிஹார்ப் பையன்கள்கூட அப்படித்தான் சொன்னார்கள். அது அந்த வார்த்தைக்கு அர்த்தமில்லை என்று கவிப்பிரியாவுக்குத் தெரியும். யாரையும் திருத்தப் போகவில்லை.

மறு ஆடிட்டுக்கு அதே ஆள் வந்தார். சிலிண்டர் பளபளத்தது, பெட்டியில் பஞ்சு வழிந்தது. கடைசியில் நாகஜோதியைக் கூப்பிட்டார். கவிப்பிரியா இந்தத் தடவை பதில் எதுவும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. என்ன சொல்லிக் கொடுப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. கதவுக்கு வெளியே நின்று துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். மாடிப் படியில் மகுடேஸ்வரன் ஏறினார், இறங்கினார், எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

நாகஜோதி வெளியே வந்தாள்.

"என்னக்கா கேட்டாரு?"

"அதேதான். நினைச்ச நேரம் போக முடியுதாம்மான்னு."

"என்ன சொன்னீங்க?"

"முந்தி முடியல, இப்ப முடியுதுன்னேன்."

படியில் மகுடேஸ்வரன் ஏறாமலும் இறங்காமலும் நின்றார்.

"அதுக்கு அவரு என்னங்க்கா எழுதினாரு?"

"எழுதவே இல்லை மேடம். குனிஞ்சு மேசைக்கு அடியில என் காலைப் பாத்தாரு. அது பாட்டுக்குச் சும்மா கிடந்துச்சு. சரி போம்மான்னுட்டாரு."

சொல்லிவிட்டு நாகஜோதி வேகமாக மெஷினை நோக்கி நடந்தாள். அவள் இல்லாத நேரத்தில் அங்கே தைக்க வேண்டிய பண்டில் குவிந்து கிடந்தது.